இலந்தைக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர்

1

ஒட்டகம் கருவாடு தின்னும் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. கல்யாணமான மறு வருஷம் ஏடனிலிருந்து படகில் வந்து இந்தக் கரையில் இறங்கினேன். மணலில் மத்திக் கருவாட்டைச் சாக்குச் சாக்காகக் கொட்டியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஒட்டகங்கள் சுற்றிலும் படுத்துக்கொண்டு, எங்கள் ஊர் மாடு வைக்கோலை மெல்லுகிற மாதிரி அதை மென்றுகொண்டிருந்தன.

"ஏங்க, இதுகளுக்குப் புல்லுக் கிடைக்காதா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இங்கன நமக்கே கீரை கிடைக்காது. அதுக்குப் புல்லுக் கேக்குறயே" என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது என் குடித்தனம்.

காமயகவுண்டன்பட்டியில் என் தம்பி நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறான். ஒரே ஒரு பிரதிதான். அதை வாசகசாலையில் வைத்து ஊரே முறை போட்டுப் படிக்கிறதாம். "அக்கா, அரபு தேசத்து விநோதங்களை எழுதி அனுப்பு" என்று கடிதத்துக்குக் கடிதம் நச்சரிக்கிறான். தம்பி, விநோதமெல்லாம் முதல் மாதத்தோடு தீர்ந்துபோகும். அப்புறம் எந்த ஊரானாலும் அரிசியில் கல் பொறுக்குவதுதான். ஆனால் நேற்றுக் காலையில் முற்றத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது தெருவில் ஒட்டக மணி கேட்டது. என் மகள் காமாச்சி கப்பலேறி ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று அந்த மணிதான் சொன்னது. கையில் இருந்த செம்பை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே விநோதங்களை ஓரமாக வைத்துவிட்டு அந்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். இது யுத்த காலம். நடுவழியில் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிற அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தால் அவரும் படித்துக்கொள்ளட்டும்.

2

நாங்கள் இருக்கிற துறை முகல்லா என்கிற துறைமுகப் பட்டணத்துக்குக் கிழக்கே இருக்கிறது. இங்கே பெரிய கப்பல் வராது. பின்னால் செங்கல் நிறத்தில் மொட்டை மலை, முன்னால் கடல், நடுவில் சுண்ணாம்பு அடித்த மண் வீடுகள். போடி ஏலக்காய் இங்கே இறங்கித்தான் ஒட்டகத்தில் ஏறிப் பாலைவனத்துக்குள் போகிறது. காப்பியில் ஏலக்காய் மணக்காவிட்டால் விருந்துக்கு வந்தவர் முகத்தைச் சுளிப்பார். போடி வியாபாரி ஒருவருக்கு இங்கே ஏஜெண்டாக இருக்கிறார் என் வீட்டுக்காரர்.

இவருடையது பொதிமாட்டுக் குடும்பம். மாடுகளின் முதுகில் அரிசியும் உப்பும் ஏற்றிக் குரங்கணி வழியாக மலைக்குப் போவார்கள்; ஏலக்காய் மூட்டையோடு இறங்குவார்கள். நடக்கப் பழகின நாளிலிருந்து மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டு மலையேறியவர் இவர். பிறகு போடிக்கு ரயில் வந்தது. மலைமேல் லாரி ஓடியது. மாடுகளை விற்றுவிட்டார்கள். மாட்டை விற்றாலும் இவருக்கு நடை விட்டுப்போகவில்லை. மூட்டைக்குப் பின்னாலேயே பம்பாய்க்குப் போனார், பம்பாயிலிருந்து ஏடனுக்குப் போனார், கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார்.

அந்த மலைப்பாதையில், ஏற்றம் தொடங்குகிற முதல் திருப்பத்தில் ஒரு கல் இருக்கிறது. தழைச்சாமி என்பார்கள். கோயில் இல்லை, பூசாரி இல்லை, பொங்கல் இல்லை. ஏறுகிறவர்கள் வழியிலேயே ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து அதன்மேல் போட்டுவிட்டுப் போவார்கள். காய்ந்த சுள்ளி ஆகாது. முதல் தடவையாகப் பயணம் போகிற பிள்ளைக்கு அதன் அப்பன்தான் ஒடித்துப் போட வேண்டும். போட்டுவிட்டால், போன பாதையே பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடும் என்று நம்பிக்கை.

கல்யாணமான புதிதில் என்னை அங்கே கூட்டிப்போய் இவர் ஒரு கொப்பை ஒடித்துப் போட்டபோது நான் சிரித்துவிட்டேன். நாங்கள் ஆற்றுப்பாசன ஊர்க்காரர்கள். எங்கள் பக்கம் வாய்க்காலைத் தாண்டுவதற்கெல்லாம் எந்தச் சாமியும் தழை கேட்காது.

"சிரி, சிரி. மலை ஏறுனவனுக்குத்தான் தெரியும்" என்றார் இவர். மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

3

காமாச்சி இந்தக் கரையில்தான் பிறந்தாள். தேவதானப்பட்டிக் காமாட்சிக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர். ஆனால் தெருவில் யார் வாயிலும் அது நுழையவில்லை. கமர் என்று ஆக்கிவிட்டார்கள். அரபியில் நிலா என்று அர்த்தமாம். நான் காமாச்சி என்று நாலு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்புவாள். தெருவிலிருந்து யாராவது கமர் என்று சொல்லிவிட்டால் போதும், கையில் இருக்கிற சோற்றோடு ஓடுவாள்.

மீன்காரியிடம் பேரம் பேச அவள்தான் வேண்டும். எனக்கு இத்தனை வருஷத்தில் கடைத்தெரு அரபிக்கு மேல் வரவில்லை. வெங்காயம் கேட்கத் தெரியும். அழுகல் வெங்காயம் என்று சண்டை போடத் தெரியாது. அவள் எண்ணுவது அரபியில், கோபப்படுவது அரபியில், தூக்கத்தில் உளறுவதும் அரபியில். அடிக்கப் போனால் மட்டும் "ஆத்தா!" என்று தமிழில் அலறுவாள். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்றால் சிரிக்காதீர்கள்.

ஒரு நாள் சாயங்காலம் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். முல்லையாற்றில் வெள்ளம் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் திரும்பிக் கேட்டாள்:

"ஆத்தா, உங்க ஊர்ல இருக்குற ஆத்துத் தண்ணி இனிக்குமா, உப்புக் கரிக்குமா?"

ஆறு தெரியாத பிள்ளை, கேட்கத்தான் செய்யும். அது ஒன்றுமில்லை. 'உங்க ஊர்' என்றாளே, அது நெஞ்சில் போய்த் தைத்துவிட்டது. சீப்பு கையிலேயே நின்றுவிட்டது.

இவர் வந்ததும் சொன்னேன்: "பிள்ளைய ஊருக்கு அனுப்பிருவோம். தம்பி வீட்டுல இருந்து படிக்கட்டும்."

"அவ இங்கன சந்தோசமாத்தான இருக்கா?"

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

இவர் பதில் பேசவில்லை. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று நானே வைத்துக்கொண்டேன். தம்பிக்கு எழுதினேன். என் மனதில் இருந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போகிறவள் அங்கேயே படித்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வாய்க்கால் கரையிலேயே இருந்துவிட வேண்டும். இந்தக் கரைக்கு மறுபடியும் வரக் கூடாது. நாங்கள்தான் ஒரு நாள் அங்கே போய்ச் சேர வேண்டும்.

அவளுக்குப் பயணச்சீட்டு வாங்க எங்கள் துறையிலிருக்கிற ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா பேனாவை மையில் தொட்டுக்கொண்டு சொந்த ஊர் எது என்று கேட்டார். இவர் போடி என்றார். நான் அதே மூச்சில் காமயகவுண்டன்பட்டி என்றேன். காமாச்சி குமாஸ்தாவின் ஜன்னல் வழியாக வெளியே கையைக் காட்டி, "இதுதான்" என்று அரபியில் சொன்னாள். குமாஸ்தா எங்கள் மூன்று பேரையும் பார்த்தார், பெருமூச்சு விட்டார், மதராஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எங்களில் யாரும் மதராஸைக் கண்ணால் பார்த்ததில்லை.

4

வழக்கமாக முகல்லாவுக்குப் படகில்தான் போவோம். அந்த வாரம் காற்று மாறி அடித்தது. படகுக்காரர்கள் கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். ஸ்டீமரோ முகல்லாவிலிருந்து சாயங்காலம் கிளம்பிவிடும். பம்பாய்க்குப் போகிற ஒரு வியாபாரிக் குடும்பம் அதில் காமாச்சிக்குத் துணையாக இருந்து கூட்டிப்போக ஒத்துக்கொண்டிருந்தது. பம்பாய் துறைமுகத்தில் தம்பி வந்து நிற்பான். இந்தத் துணையை விட்டால் இன்னொரு துணை எப்போது வாய்க்குமோ தெரியாது. அதனால் முகல்லாவுக்குக் கருவாடு ஏற்றிப் போகிற ஒட்டகச் சாத்தில் நாங்களும் சேர்ந்துகொண்டோம். வணிகச் சாத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது, கருவாட்டு நாற்றத்தோடு அதில் நானும் ஒரு நாள் போவேன் என்று நினைத்தேனா?

சாத்துக்குத் தலைவர் சாலிம். எங்கள் ஏலக்காய் மூட்டைகளை உள்நாட்டுக்குக் கொண்டுபோகிறவரும் அவரே. காமாச்சியைத் தொட்டிலில் பார்த்தவர். அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவருக்கும் அந்த ஒரு தமிழ் வார்த்தை தெரியும்.

விடியும் முன்பே கிளம்பினோம். எனக்கும் காமாச்சிக்கும் ஓர் ஒட்டகத்தின் மேல் கூடை மாதிரி கட்டி, மேலே துணி போர்த்தியிருந்தார்கள். இவர் ஏறமாட்டேன் என்றுவிட்டார். சுமை தூக்குகிற ஜீவன் மேல் பொதிமாட்டுக்காரன் ஏறக் கூடாதாம். ஈர மணலில் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். அது சற்று விலகினால், "ஏலே, ஒதுங்கு, ஒதுங்கு" என்று போடி மாட்டிடம் பேசுகிற மாதிரி பேசினார். அதுவும் கேட்டது.

ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்தவர்களுக்குத் தூங்கவும் முடியாது, விழித்திருக்கவும் முடியாது. முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கடல் மேல் மூடுபனி. அலை வருவது தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்து காலடியில் விழுந்துகொண்டிருந்தது. முன்னால் போகிற ஒட்டகங்களுக்குக் கால்களே இல்லை. பனிக்கு மேல் முதுகுகள் மட்டும் மிதந்து போயின. இங்கே ஒட்டகக்காரர்கள் குளிருக்கும் வெயிலுக்குமாக அவுரி நீலத்தை எண்ணெயில் குழைத்து உடம்பெல்லாம் பூசிக்கொள்வார்கள். அந்த அரைவெளிச்சத்தில் ஆட்கள் தெரியவில்லை. இடுப்புத் துணிகள் மட்டும் தாமாக நடந்து போய்க்கொண்டிருந்தன.

காமாச்சி என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். எப்போது கண் அயர்ந்தேனோ தெரியாது. வலப்பக்கத்து மலை எங்கள் மேற்கு மலையாக மாறியிருந்தது. அதன் அடியில் பச்சென்று நெல் நின்றது. கம்பம் சந்தைக்குப் போகிற வண்டிகள் வரிசையாகப் போயின. வண்டிக்காரர்கள் எல்லாம் நீலமாக இருந்தார்கள், யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. எங்கள் வாய்க்கால் நிரம்பிக் கடல் தண்ணீர் ஓடியது. அதன் கரையில் செக்கச் சிவந்த கால்களோடு நாரைகள் நின்றன. என் அம்மா வரப்பில் நின்று, "தண்ணி கரிக்குதுடி, நாத்துப் பட்டுப்போகும்" என்றாள். கண்ணைத் திறந்தேன். ஆழமில்லாத தண்ணீரில் ரோஜா நிறத்தில் நாரைகள் நின்றுகொண்டிருந்தன. கனவில் கண்டதில் அவை மட்டும் நிஜமாக இருந்தன.

"ஆத்தா, உறங்கிட்டீகளா?" என்றாள் காமாச்சி.

"இல்லத்தா. ஊருக்குப் போயிட்டு வந்தேன்."

"நான் இல்லாமயா?" என்று சிரித்தாள்.

வெயில் ஏறிப் பனி கலைந்தபோது தூரத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கும்மட்டம் தெரிந்தது. யாரோ ஒரு பெரியவரின் சமாதி. பக்கத்தில் ஒரு கிணறு. கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒற்றையாக ஒரு மரம். அந்தக் கரை நெடுக நாங்கள் பார்த்த ஒரே பச்சை அதுதான். நெருங்கிப் போனதும் இவர் கத்திவிட்டார்.

"இந்தா பாரு, இலந்த மரம்! நம்ம இலந்த மரம்!"

இலந்தைதான். அதே முள், அதே சின்ன வட்ட இலை. எங்கள் ஊர் எல்லையில் யாரும் திரும்பிப் பார்க்காத மரம். அதைக் கண்டு இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டினார்கள். அங்கிருந்து பாதை கடலோரத்தை விட்டு ஒரு கறுத்த பாறை முனையைப் பார்த்துத் திரும்புகிறது. கடல் வற்றியிருக்கும்போதுதான் அந்த முனையைச் சுற்றிப் போக முடியும். தண்ணீர் ஏறிவிட்டால் இருட்டும் வரை வழி கிடையாது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று சாலிம் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் இவர் அதைச் செய்தார். பாதை திரும்புகிற இடம். பிள்ளைக்கு முதல் பயணம். கைக்கெட்டும் தூரத்தில் பச்சை. இவர் யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷம் ஏலக்காய் விலை பேசின கை ஒரே எட்டில் பொதிமாட்டுக்காரன் கையாகிவிட்டது. மரத்தடிக்குப் போனார். முள் கீறக் கீற ஒரு கொப்பை ஒடித்தார். திருப்பத்தில் கிடந்த ஒரு கல்லின் மேல் வைத்துக் கும்பிட்டார்.

கிணற்றடியில் பேச்சு நின்றது. தோற்பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தவன் கயிற்றை அப்படியே விட்டுவிட்டான். வாளி கிணற்றுக்குள் போய் விழுந்த சத்தம் கேட்டது. சாலிம் வந்து கல்லின் மேல் கிடந்த கொப்பைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பிறகு முன்னால் நின்ற ஒட்டகத்தின் கயிற்றை இழுத்தார். அது முழங்கால் மடக்கி உட்கார்ந்தது. பின்னாலே ஒவ்வொன்றாக எல்லா ஒட்டகங்களும் உட்கார்ந்துவிட்டன.

"என்னத்தா? என்னாச்சு?" என்று காமாச்சியைக் கேட்டேன்.

அவள் இறங்கி ஓடிப்போய்ச் சாலிமிடம் பேசிவிட்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆத்தா, இங்கன எதையும் ஒடிக்கக் கூடாதாம். சண்டக்காரக கூட இங்கன வந்தா கத்தியக் கீழ வச்சுருவாகளாம். ஒட்டகம் இந்த எலையத் தின்னா அத அடிச்சு இழுப்பாகளாம். அய்யா ஒடிச்சுப்புட்டாகல்ல, நிலா தேஞ்சு வளர்ற வரைக்கும் அவுக இங்கனயே இருந்து மரத்துக்குத் தண்ணி ஊத்தணுமாம். ஊத்தாமப் போனா, கூட நடக்குற ஒட்டகமெல்லாம் நொண்டிப் போகுமாம்."

"நான் இருக்கேன். ஆத்தாவையும் உன்னையும் கூட்டிட்டுப் போகச் சொல்லு தாயி" என்றார் இவர்.

பயணச்சீட்டில் பிள்ளைக்குப் பொறுப்பு என்று இவர் பெயர்தான் இருந்தது. பிள்ளையைக் கப்பலில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் இவர். இவர் இல்லாமல் முகல்லாவில் யாரும் எங்களை ஆபீஸ் வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கடலைப் பார்த்தேன். பாறை முனையின் அடியில் ஈரமணல் இன்னும் கொஞ்சம் அகலமாகத்தான் கிடந்தது.

நான் பதறியிருக்க வேண்டும். அதுதானே நியாயம்? இத்தனை மாதம் நின்று பேசி, எழுதி, சண்டை போட்டு ஏற்பாடு செய்த பயணம். ஆனால் அந்தக் கணத்தில் எனக்குள் பொங்கி வந்தது சந்தோஷம். கப்பல் போய்விடும். பிள்ளை என்னோடு வீட்டுக்கு வந்துவிடுவாள். என்மேல் பழி இல்லை. மரம் தடுத்துவிட்டது, சாமி தடுத்துவிட்டது. அவளை அணைத்துக்கொண்டு, "போனாப் போகட்டும்த்தா, விடு" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் என் கையை விலக்கிவிட்டு மறுபடியும் சாலிமிடம் போனாள்.

அவள் என்ன பேசினாள் என்று எனக்கு முழுக்கப் புரியவில்லை. கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். மேலே ஏறுகிற மாதிரி விரலால் காட்டினாள், மலை என்று புரிந்தது. முதுகில் மூட்டை, மாடு, கல், தழை எல்லாம் அந்தக் கையிலேயே வந்துபோயின. இவர் அவளுக்கு எப்போது தழைச்சாமி கதையைச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. எந்தப் பேச்சு அவளை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது என்று நான் பயந்தேனோ, அந்தப் பேச்சில் குரங்கணி மலையைப் பற்றி என் மகள் நீலம் பூசிய மனிதர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒட்டகக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

சாலிம் ஏதோ கேட்டார். அவள் இவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"அய்யா, அப்பிடித் தழ போட்டா பாத நெசமாவே திருப்பிக் கொண்டாந்து விட்டுருமான்னு கேக்குறாக."

போடியை விட்டுக் கடைசியாகக் கிளம்பினபோது இவரும் நானும் அந்தக் கல்லுக்குப் போய்த் தழை போட்டுவிட்டுத்தான் வந்தோம். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. நாங்கள் இன்னும் திரும்பவில்லை.

"விட்டுரும்னு சொல்லு தாயி" என்றார். "கொஞ்சம் மெதுவா விடும். ஆனா விட்டுரும்னு சொல்லு."

அவள் சொன்னாள். சாலிம் தாடியைத் தடவிக்கொண்டு கடலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளிடம் மெல்லப் பேசினார். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"ஆத்தா! அய்யா தனக்குன்னு ஒடிக்கல, எனக்குன்னுதான் ஒடிச்சாக. அதுனால கடன் அய்யாவோடது இல்லையாம், என்னோடதாம். பாத என்னயத் திருப்பிக் கொண்டாந்து விடும்போது நான்தான் வந்து மரத்துக்கு ஊத்தணுமாம். வேற ஆரு ஊத்துனாலும் கணக்குல சேராதாம். சத்தியம் பண்ணச் சொல்றாக. பண்ணட்டுமா?"

எந்தக் கரைக்கு அவள் திரும்பக் கூடாது என்று நினைத்தேனோ, அந்தக் கரைக்குத் திரும்பி வருவதாக என் முன்னாலேயே சத்தியம் செய்யக் கேட்கிறாள். வேண்டாம் என்றால் கப்பல் போய்விடும். சரி என்றால் பிள்ளை போய்விடுவாள். போனாலும் எங்கள் ஊருக்கு முழுசாகக் கிடைக்கமாட்டாள். இவர் என்னைப் பார்த்தார். இந்த ஒரு வார்த்தையை நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார்.

"பண்ணுத்தா" என்றேன்.

அவள் இரண்டு உள்ளங்கையையும் மரத்தின் தூரில் வைத்துச் சத்தியம் செய்தாள். ஒட்டகங்கள் எழுந்தன.

பாறை முனையைச் சுற்றும்போது தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. ஒட்டகங்களின் முழங்கால் வரை அலை வந்து போனது. இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு நுரையில் நடந்தார். ஒரு பக்கம் கறுப்புப் பாறை, மறுபக்கம் வானமும் கடலும் ஒரே வெள்ளையாக முடிவில்லாமல் கிடந்தன. மணிச் சத்தம் மட்டும் கேட்டது. தரையில் போகிறோமா, தண்ணீரில் போகிறோமா, தூக்கத்தில் போகிறோமா என்று சொல்ல முடியாத ஒரு நேரம் அது. காமாச்சியின் கையை இறுகப் பிடித்திருந்தேன். அவள் கையில் இலந்தைப் பட்டை வாசனை அடித்தது.

பொழுது சாயும்போது முகல்லா தெரிந்தது. மலையடியில் வெள்ளை வெளேரென்று வீடுகள். எதிரே கடலில் ஸ்டீமர். மீதிக் காரியமெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் நடந்து முடிந்துவிட்டது. ஆபீசில் இவர் கையெழுத்துப் போட்டார். அங்கிருந்த குமாஸ்தா மதராஸ் என்று வாய்விட்டுப் படித்து முத்திரை குத்தினார். கப்பலுக்குக் கொண்டுபோகிற படகில் அந்த வியாபாரியின் மனைவி காமாச்சியைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

படகு நகர்ந்தது. காமாச்சி எழுந்து நின்று கரையைப் பார்த்துக் கத்தினாள். என்னைப் பார்த்து இல்லை. எனக்குப் பின்னால் நின்ற சாலிமைப் பார்த்து, அரபியில். அவர் கையை உயர்த்தி ஆட்டினார்.

"என்ன சொன்னா?" என்று இவரைக் கேட்டேன்.

"ஒட்டகத்த அங்கன விட்டுறாதீக, என் மரத்த மேஞ்சுரும்னு சொல்றா."

பிறகுதான் என்னைப் பார்த்தாள். "ஆத்தா, உங்க ஊருக்குப் போயிட்டு வாரேன்!" என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

5

தம்பி, உனக்குத் தெரியாததில்லை. அவள் நன்றாக இருக்கிறாள் என்று நீ எழுதுகிறாய். முல்லையாற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, "ருசியே இல்லையே மாமா" என்றாளாம். வகுப்பில் அரபியில் வாய்ப்பாடு சொல்லி வாத்தியாரைத் திணற அடித்தாளாம். போன மாதம் உன் கடிதத்தின் ஓரத்தில் அவளும் இரண்டு வரி எழுதியிருந்தாள். "நம்ம ஊர்ல இந்த வருசம் மழ பெஞ்சதா?" என்று கேட்டிருந்தாள். உங்கள் ஊரிலிருந்து எழுதுகிறவள் நம்ம ஊர் என்று எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். முன்போல அது தைக்கவில்லை. இங்கே மழை இல்லை. அதுதான் கவலை.

யுத்தம் வந்த பிறகு ஸ்டீமர் எப்போது வரும், வந்தால் யாரை ஏற்றும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஏலக்காய் மூட்டை வந்து மாதக் கணக்காகிறது. ஊருக்குக் கிளம்பிவிடலாமா என்று இவர் ஒரு நாள் கேட்பார். மறுநாள் தாமாகவே, "கடல் சரியில்ல, இருப்போம்" என்பார். நாங்கள் அங்கே போவதா, அவள் இங்கே வருவதா என்று இப்போது நான் யோசிப்பதில்லை. யார் பக்கம் வந்தாலும் சரி, பாதை யாரையாவது ஒருவரைத் திருப்பி விட்டால் போதும்.

சாலிமின் சாத்து முகல்லாவுக்குக் கிளம்பும்போதெல்லாம் நானும் ஏறிக்கொள்கிறேன். சமாதி வரைக்கும் போய், எதிரே வருகிற சாத்தில் திரும்பிவிடுவேன். முதல் தடவை இவர் கூட வந்தார். இப்போது தனியாகவே விடுகிறார். ஒட்டகத்தின் ஆட்டம் பழகிவிட்டது. கண் அயர்ந்தால் இப்போதும் அந்த வாய்க்கால் வருகிறது, நாரைகள் வருகின்றன.

நேற்று மணி கேட்டதே, அது அந்தச் சாத்துதான். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து ஓடி நானும் ஏறிவிட்டேன். இலந்தையில் பாதி இலை உதிர்ந்து கிடந்தது. ஒடித்த இடத்தில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு புதுத் துளிர் விட்டிருந்தது. கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றினேன். மண் உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

சாலிம் கிணற்றடிக்கு வந்தார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நீங்கள் ஊற்றுவது கணக்கில் சேராது, தெரியுமில்லையா? கமர்தான் ஊற்ற வேண்டும்."

தெரியும் என்று தலையை ஆட்டினேன். அப்புறம் எதற்கு ஊற்றுகிறீர்கள் என்பது போல் கையை விரித்தார். எனக்குத் தெரிந்த கடைத்தெரு அரபியில் அதற்குப் பதில் இல்லை. தமிழிலேயே சொன்னேன்:

"மரம் பட்டுப்போச்சுன்னா அவ எதுக்கு வருவா?"

அவருக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவரே இறைக்கத் தொடங்கினார்.